கோலத்தைத் தாண்டும் கால் நிலைப்படியில் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"அப்பாவுக்கு 67 வயது. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பார்க்கின்சன் வந்து நாலு வருஷம் ஆகிறது, சின்டோபா மாத்திரை மூன்று வேளை போடுகிறார். போன ஆறு மாதத்தில் மூன்று முறை விழுந்துவிட்டார், ஒரு தடவை புருவத்தில் தையல். படுக்கையறை நிலைப்படிக்கு வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறார், அம்மா கையைப் பிடித்து இழுத்தாலும் வருவதில்லை. ஆனால் காலையில் வாசலில் போட்ட கோலத்தை மட்டும் மிதிக்காமல் அழகாகத் தாண்டிப்போய்ப் பேப்பர் எடுத்து வருகிறார். 'வேணும்னே பண்றார்' என்கிறாள் அம்மா, தினமும் சண்டை. புதுச்சேரியில் ஒரு இடத்தில் பத்து நாள் பிசியோதெரபி போனோம், காலுக்குக் கரண்ட் வைத்தார்கள், பலனில்லை. விழுந்துவிடுவார் என்ற பயத்தில் இப்போது நாள் முழுக்க நாற்காலியில்தான் உட்கார வைத்திருக்கிறோம். வாக்கர் வாங்கினோம், அதோடு இன்னும் மோசமாகத் தடுமாறுகிறார். எழுந்தால் கிறுகிறுப்பு என்கிறார். சித்தப்பா பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்?"

முதலில் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள்: அவர் நடிக்கவில்லை. நீங்கள் கோலத்தைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரி, பத்து நாள் கரண்ட் வைத்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய வரி.

நடப்பதை நாம் யோசித்துச் செய்வதில்லை. உங்கள் அப்பா ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் டிக்கெட் கிழித்து, இன்னொரு கையால் சில்லறை எண்ணி, வாயால் "உள்ள போங்க உள்ள போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கால் பாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது இல்லையா, அந்தத் 'தானாக' நடக்கும் ஓட்டத்தை நடத்துவது மூளையின் ஆழத்தில் இருக்கிற சில நரம்பு முடிச்சுகள். அவற்றுக்கு டோபமைன் என்ற ரசாயனம் வேண்டும், பார்க்கின்சனில் குறைவது அதுதான். அதனால் தானாக நடப்பது சிக்கலாகிறது. ஆனால் கண்ணால் ஒன்றைப் பார்த்து, அதற்காகக் காலை எடுத்துவைப்பது மூளையில் வேறு பாதை, அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கோலத்தைப் பார்த்ததும் 'மிதிக்கக் கூடாது' என்று மனசு சொல்கிறது, கால் தூக்கிக்கொள்கிறது. படுக்கையறை நிலைப்படியில் அப்படிப் பார்க்க எதுவும் இல்லை, குறுகலான இடைவெளி, அரை இருட்டு, உள்ளே போனதும் கட்டில் பக்கம் திரும்ப வேண்டும், போதாததற்குக் கையை ஒருத்தர் இழுக்கிறார், பின்னாலிருந்து இன்னொருவர் "நடங்க, நடங்க" என்கிறார். சமதரையில் உறைந்து நிற்பவர் மாடிப்படியில் சரசரவென்று ஏறுவதைப் பார்த்து வீட்டுக்காரர்கள் திகைத்துப் போவது நான் அடிக்கடி பார்ப்பது. காரணம் இதேதான், ஒவ்வொரு படியும் ஒரு கோடு.

ஆகவே கோலத்தை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். கோலமாவால் வேண்டாம், டைல்ஸ் தரையில் மாவு வழுக்கும். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் கலர் டேப் போதும். தரை வெள்ளை என்றால் சிவப்போ கறுப்போ, தரை கறுப்பு என்றால் மஞ்சள். நடக்கிற திசைக்குக் குறுக்காக, ஒன்றரை அடிக்கு ஒன்று என்று நிலைப்படிக்கு முன்னால் மூன்று, அந்தப் பக்கம் மூன்று கோடு. இரண்டு நாள் பார்த்துவிட்டு அவருடைய நல்ல அடியின் நீளத்துக்குத் தகுந்த மாதிரி தள்ளியோ நெருக்கியோ ஒட்டுங்கள். ஓரம் பிரிந்துகொண்டால் உடனே மாற்றிவிடுங்கள், அதுவே தடுக்கிவிடும். கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில் எங்கே திரும்புகிறாரோ அங்கே நேர்கோடு உதவாது, விசிறி மாதிரி வளைத்து ஒட்ட வேண்டும். நின்ற இடத்தில் சட்டென்று திரும்புவதுதான் பார்க்கின்சன்காரர்கள் அதிகம் விழுகிற இடம். பஸ் திரும்புகிற மாதிரி வட்டமடித்துத் திரும்பச் சொல்லுங்கள், அவருக்கு நன்றாகவே புரியும்.

கண்ணுக்குக் கோடு போல காதுக்குத் தாளம். சீரான ஒலிக்கு ஏற்ப அடி வைப்பதும் இதே மாற்றுப் பாதையைத்தான் எழுப்புகிறது. மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுங்கள், போனில் மெட்ரோனோம் என்று தேடினால் சீராகத் தாளம் தட்டும் இலவச ஆப் கிடைக்கும், அதே எண்ணில் வைத்து நடக்க விடுங்கள். உங்கள் வீட்டில் ஆப்பைவிட நல்லது ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன், அவருடைய கண்டக்டர் விசில். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ என்பது அவர் உடம்பில் முப்பது வருஷம் ஊறியது. நிலைப்படிக்கு வந்ததும் அவரே வாய்விட்டு "ரைட்" சொல்லி அடியெடுத்து வைக்கட்டும். அவரே சொல்வது முக்கியம், நீங்கள் பின்னாலிருந்து கத்துவது இன்னொரு பதற்றம்தான்.

கால் ஒட்டிக்கொண்டே விட்டது என்றால் இழுக்காதீர்கள். இழுத்தால் உடம்பு முன்னால் வரும், பாதம் வராது, முகத்தில் அடிபடும். புருவத் தையலின் கதை அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். முயற்சியை முழுசாக நிறுத்தச் சொல்லுங்கள். குதிகால் தரையில் படட்டும், முதுகு நிமிரட்டும், எடையை இடது வலது என்று இரண்டு மூன்று முறை மாற்றட்டும், அப்புறம் ஒரே ஒரு பெரிய அடி. அதுவும் வரவில்லையா, உங்கள் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்து "என் காலைத் தாண்டுங்கப்பா" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் தாண்டிவிடுவார். தாண்டியதும் உங்கள் காலை எடுத்துவிடுங்கள், மறந்துவிட்டால் அதுவே தட்டிவிடும்!

இப்போது நாற்காலி விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது விழுந்தது அல்ல, இதுதான்.

ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் கண்டக்டர் எப்படி நிற்கிறார்? வண்டி லேசாக ஆடினால் கணுக்கால் மட்டும் ஈடுகொடுக்கும். கொஞ்சம் கூடுதலாகக் குலுங்கினால் இடுப்பு மடங்கி நிமிரும். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் இவை இரண்டும் போதாது, டக்கென்று ஒரு காலை எட்டி வைத்தாக வேண்டும். கணுக்கால், இடுப்பு, எட்டி வைப்பது: சமநிலைக்கு உடம்பிடம் இருக்கிற கைவசச் சரக்கு இந்த மூன்றுதான், எங்கள் பிசியோதெரபி பாடப் புத்தகமும் இதே மூன்றைத்தான் சொல்கிறது. பார்க்கின்சனில் அந்த மூன்றாவது சுருங்கிப்போகிறது. எட்டி வைக்கிறார், ஆனால் இரண்டு அங்குலம்தான், அதுவும் தாமதமாக. பின்பக்கம் சாய்ந்தால் இன்னும் மோசம், குட்டிக்குட்டியாகப் பின்னாலேயே போய் விழுந்துவிடுவார். பீரோ கதவையோ பிரிட்ஜ் கதவையோ நேராக நின்று இழுத்துத் திறக்கும்போது விழுந்தார் என்று வருகிறவர்கள் நிறைய. பக்கவாட்டில் நின்று, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக வைத்துத் திறக்கப் பழக்குங்கள்.

இந்த மூன்றில் எதுவும் உட்கார்ந்திருந்தால் வளராது. சமநிலையைக் கொஞ்சம் இழந்து, மீட்டு, மறுபடி இழந்து, மீட்டால்தான் அது பழகும். நாற்காலியில் வைத்தால் மூன்று மாதத்தில் தொடையும் இடுப்பும் இளைக்கும், எழுந்தால் பிரஷர் இறங்கும், மனசில் பயம் ஏறும், அப்புறம் கழிவறைக்கு மட்டும் எழுகிற அந்த நாலு தடவையிலேயே விழுவார். இதை உபதேசமாகச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் "இறுகப் பிடிச்சுக்குங்க, விட்டுடாதீங்க" என்று சொன்ன ஆள்தான். ஒரு பெரியவரை மூன்று மாதம் அப்படிப் பிடித்துப் பிடித்தே நடக்க வைத்தேன், ஒரு தடவைகூடத் தடுமாற விடவில்லை, எனக்கு அதில் பெருமை வேறு. மகன் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், பிடிக்க ஆளில்லாமல் எழுந்தவர் ஹாலிலேயே விழுந்தார். தடுமாறினால் என்ன செய்வது என்பதை நான் அவர் உடம்புக்குக் கற்றுக்கொடுக்கவே இல்லை.

வீட்டில் பத்திரமாகத் தடுமாறச் சிறந்த இடம் அறையின் மூலை. இரண்டு சுவர் சேருமிடத்தில் முதுகு காட்டி, சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளி நிற்கட்டும், முன்னால் கனமான நாற்காலியின் முதுகு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சுவரோ நாற்காலியோ தாங்கும். முதலில் பாதங்களைச் சேர்த்து முப்பது எண்ணும் வரை. பழகியதும் ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னால் வைத்து. அது சுலபமானதும் தலையை இடது வலது திருப்பிக்கொண்டே. பிறகு கண்ணை மூடி. கண்ணை மூடச் சொல்வது எதற்கு என்றால், நாம் விழாமல் நிற்கக் கண், உள்காது, பாதத்தின் உணர்ச்சி என்று மூன்று இடத்திலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது, கண்ணை அடைத்தால் மற்ற இரண்டும் வேலை செய்தாக வேண்டும். சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்து, பாதம் மரத்துப்போயிருந்தால் கண் மூடும் பயிற்சியை நேரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்த பிறகுதான் தொடங்க வேண்டும். எதுவானாலும் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கணும், தொடாமல், கையைத் தயாராக வைத்துக்கொண்டு. பிடிக்க வேண்டி வந்தால் கையையோ தோளையோ பிடிக்காதீர்கள், இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்று போட்டுவிட்டு அதைப் பிடியுங்கள்.

அப்புறம் நாற்காலியிலிருந்து எழுவது. அவர் இப்போது எப்படி எழுகிறார் என்று பார்க்காமலேயே சொல்கிறேன், முதுகைச் சாய்த்தபடியே கையை ஊன்றி உந்துகிறார், பாதி எழுந்து தொப்பென்று விழுகிறார். சரியா? முதலில் நாற்காலியின் விளிம்புக்கு நகரணும். குதிகால் முழங்காலுக்குப் பின்னால் போகிற அளவு பாதத்தை உள்ளே இழுக்கணும். பிறகு மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியணும், ஏதோ முன்னால் விழப்போகிற மாதிரி இருக்கும், அங்கேதான் பயந்து பின்வாங்குவார், அங்கேதான் எழ வேண்டும். காலையில் ஐந்து, மாலையில் ஐந்து என்று ஆரம்பித்துப் பத்துக்குப் போகலாம்.

எல்லா அசைவையும் பெரிதாகச் செய்யப் பழக்குங்கள். பார்க்கின்சனில் உடம்பின் அளவுகோலே சுருங்கிவிடும், அரை அடி வைத்துவிட்டு முழு அடி வைத்ததாகத்தான் அவருக்குத் தோன்றும். அதனால் 'இது ரொம்ப ஓவர்' என்று அவருக்குத் தோன்றுகிற அளவுக்கு வீசி நடந்தால்தான் பார்க்கிற நமக்குச் சாதாரணமாக இருக்கும். இந்தக் கருத்தை வைத்தே எல்எஸ்விடி பிக் என்று ஒரு பயிற்சி முறை இருக்கிறது, வாரம் நாலு நாள், நாலு வாரம், ஆகமொத்தம் 16 அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அதற்கென்று தனியாகப் பயின்றவர்கள்தான் முறைப்படி செய்ய முடியும், கிடைத்தால் விடாதீர்கள், கிடைக்காவிட்டாலும் கருத்து நம்முடையதுதானே. தாய் சீ என்ற சீனப் பயிற்சியும் நல்லது. 195 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2012-இல் வந்தது, தாய் சீ செய்தவர்கள் வெறும் நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். மெதுவாக எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவதுதான் அதன் உயிர்நாடி.

கரண்ட் வைத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முழங்கால் வலி, தோள்பட்டை வலி என்றால் அது கொஞ்சம் ஆசுவாசம் தரலாம். காலில் கரண்ட் வைத்து யாரும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதில்லை, நிற்கவும் நடக்கவும் அப்படித்தான். அடுத்து எங்கே போனாலும் முதல் நாள் என்ன அளந்தார்கள் என்று பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி என்று பார்ப்பார்கள். 13, 14 வினாடியைத் தாண்டினால் விழும் அபாயம் கூடுதல் என்று கணக்கு. பெர்க் என்று இன்னொரு சமநிலைச் சோதனை, 14 செயல்கள், மொத்தம் 56 மதிப்பெண். எதையும் அளக்காமல் நேரே மெஷினை மாட்டுகிற இடம் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மருந்து நேரம் இதில் பாதி வேலை. மாத்திரை போட்டு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உடம்பு இளகுவதைக் கவனித்திருப்பீர்கள், பயிற்சி அப்போதுதான். காலை மாத்திரையைப் பெரிய டம்ளர் பாலோடு கொடுக்கிறீர்களா? பால், முட்டை, சுண்டல் போன்ற புரதச் சாப்பாடு, சின்டோபாவில் இருக்கிற லெவோடோபா என்ற மருந்து உடம்பில் சேர்வதற்குப் போட்டியாக நிற்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் தண்ணீரோடு போடலாமா என்று உங்கள் நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள். பூனைக்காலி விதையில் இருப்பதும் லெவோடோபாதான், சித்தப்பா சொல்வதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு ஸ்பூன் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மாத்திரையோடு அதையும் சேர்த்தால் பிரஷர் இறங்கலாம், உடம்பு தானாக நெளிய ஆரம்பிக்கலாம். டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

கிறுகிறுப்புக்கு முதலில் பிரஷரைப் பாருங்கள். ஐந்து நிமிடம் படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதுதான் காரணம். பார்க்கின்சனிலும் வரும், மாத்திரையாலும் வரும், எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதுவரை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஒரு நிமிடம் காலை ஆட்டிவிட்டுத்தான் நிற்கணும். ஆனால் படுக்கையில் புரண்டு படுக்கும்போது அறையே சுற்றுகிறது என்றால் கதை வேறு, உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பித் திருப்பி அதை இடத்துக்குக் கொண்டுவரும் எப்லி முறையில் ஒன்றிரண்டு அமர்விலேயே பெரும்பாலும் சரியாகும். கழுத்தில் எலும்புத் தேய்மானம் இருந்தால் யூடியூப் பார்த்து நீங்களே செய்ய வேண்டாம்.

வாக்கரைப் பரணில் போடுங்கள். தூக்கித் தூக்கி வைக்கிற நாலு கால் வாக்கர், ஒவ்வொரு அடிக்கும் நடையை நிறுத்தி மறுபடி தொடங்க வைக்கிறது, தொடங்குவதுதானே அவருக்குக் கஷ்டமே. பின்னால் சாய்கிறவர் அதைத் தூக்கினால் தன் மேலேயே இழுத்துக்கொண்டு விழுவார். வேண்டுமென்றால் முன் சக்கரமும் பிரேக்கும் உள்ளது, அதுவும் ஒருவர் நடக்க வைத்துப் பார்த்து உயரம் சரிசெய்த பிறகு. வீட்டில் கால்மிதிகளை எடுத்துவிடுங்கள், வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே கட்டச் சொல்லுங்கள், ஹவாய் செருப்புக்குப் பதிலாகப் பின்பட்டை உள்ளது, கழிவறையில் கைப்பிடி, ராத்திரி முழுக்க ஒரு சின்ன பல்பு. நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், கையில் காபி டம்ளரும் வேண்டாம், கொஞ்ச நாளைக்கு.

கடலூர் மாநகராட்சிக்குள் இருப்பதால் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றி விசாரியுங்கள், 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிற அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு. நரம்பியல் மருத்துவரை மறுபடி பார்க்க ஜிப்மர் உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான், கோரிமேட்டில் காத்திருக்கத்தான் பொறுமை வேண்டும். விழுவது இன்னும் அடிக்கடி ஆனாலோ, பார்வையை மேலும் கீழும் நகர்த்தக் கஷ்டப்பட்டாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ என் பதிலுக்காகக் காத்திருக்காமல் போய்விடுங்கள். ஒரு கை கால் திடீரென்று செயலிழந்தாலோ வாய் கோணினாலோ 108.

போவதற்கு முன்னால் ஒரு வேலை. அவர் படுக்கையறை நிலைப்படியைத் தாண்டுவதைப் பக்கவாட்டிலிருந்து, பாதம் தெரிகிற மாதிரி போனில் எடுங்கள். மாத்திரைக்கு முன்னால் ஒன்று, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, டேப் ஒட்டிய பிறகு ஒன்று. காலையில் கோலத்தைத் தாண்டுவதையும் சேர்த்து எடுங்கள். டாக்டர் அறையில் எல்லோருமே நன்றாக நடந்துவிடுவார்கள், இந்த நாலு வீடியோ சொல்வதை அங்கே ஐந்து நிமிடத்தில் யாரும் பார்க்க முடியாது.